சாமி மாறிய டேப்

முடியாது என்றது கம்ப்யூட்டர். காலையிலிருந்து ஏழாவது தடவை.

சென்னகேசவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஐந்து வாரமாக அவர் போய் நின்ற இடத்திலெல்லாம் இந்த ஒரு சொல்லைத்தான் கேட்டிருந்தார். ஸ்டேஷனில் சொன்னார்கள், மில்லில் சொன்னார்கள், இப்போது ஒரு மிஷினும் சேர்ந்துகொண்டது. ஐம்பத்து நான்கு வயது, சர்க்கரை, வலது முழங்காலில் தீராத வலி, கோயமுத்தூர் காட்டூரில் கிரைண்டர் கடைக்கு மேலே ஓர் அறை. தனியார் துப்பறிவாளர் என்றால் கதைகளில் வேறு மாதிரி இருப்பார்கள்.

"சார், இதுக்கு ஒரே பதில்தான் தெரியுது," என்றாள் மெஹராஜ். "ஏதாச்சும் கவர்மென்ட் ஆபீஸ்ல உக்கார வெச்சா பென்ஷனோட ரிட்டயர் ஆயிருமுங்க."

மெஹராஜ் அவருடைய உதவியாளர். முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். சென்டர் மூடிய பிறகு இவரிடம் வந்து நான்கு வருஷம் ஆகிறது. முப்பத்திரண்டு வயதில் அவளுக்கிருந்த நக்கலை இன்னும் இரண்டு பேருக்குப் பங்கு வைக்கலாம்.

வாசலோரம் ஸ்டூலில் பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பல்லடத்துப் பக்கம் தறிக்குப் போகிறவள். வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸில் வந்து, எதுவும் கேட்காமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் புருஷன் மாசாணம் ஜெயிலில் இருந்தான். இன்றோடு முப்பத்தாறு நாள்.

ஜூன் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்குப் பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லின் பஞ்சு குடோன் பற்றி எரிந்தது. உள்ளே ஒரு சூப்பர்வைசர் இறந்துபோனார். மாசாணம் பீடி பற்ற வைத்ததுதான் காரணம் என்றது மில். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டேன் என்றான் மாசாணம். வீட்டுக்கு வந்தார், ரசம் வைத்துக் கொடுத்தேன் என்றாள் பழனியாத்தாள். பெண்டாட்டி சாட்சியை எவன் கேட்பான் என்றார் இன்ஸ்பெக்டர். மில் கேட்டில் ஒவ்வொருவரும் கார்டைத் தேய்த்துவிட்டுத்தான் போகவேண்டும். நேரம் கம்ப்யூட்டரில் ஏறும். அந்தக் கம்ப்யூட்டர், மாசாணம் வெளியே போனது மூன்று ஐந்துக்கு என்றது. தீப்பிடித்து முப்பத்தைந்து நிமிஷம் கழித்து.

அந்தக் கம்ப்யூட்டரும் இப்போது இல்லை. அன்று ராத்திரி நிறுத்திய கரண்டை மறுநாள் கொடுத்தபோது வோல்டேஜ் எகிறி, சர்வர் கருகிப்போனது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த பேக்கப் டேப். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் நகலைக் கோர்ட் அனுமதியோடு வாங்கித் தந்திருந்தார் மாசாணத்தின் வக்கீல். நாளைக் காலை ஜாமீன் மனு. இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால், அந்த மூன்று ஐந்து மாசாணத்தின் கழுத்தில் நிரந்தரமாக ஏறிவிடும்.

"இப்ப எதுக்கு முடியாதுங்குது?"

"ஆறு தடவை டேப்பையே படிக்கலீங்க. தொடச்சுத் தொடச்சுப் போட்டதுல இப்பப் படிச்சிருச்சு. ஆனா எறக்கி வெக்க எடமில்லைங்குது."

"டிஸ்க்குல எடமா இல்ல? அந்த மோகன்குமார் பெரிய டிஸ்க்குன்னு சொல்லித்தானே குடுத்தான்."

டேப் டிரைவும் கம்ப்யூட்டரும் மோகன்குமார் இரவல் கொடுத்தவை. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கிறவன். மில்லுக்குச் சர்வர் போட்டுக் கொடுத்ததும் அவன்தான் என்பதால், டேப் விவகாரம் தெரிந்தவன் என்று வக்கீல்தான் கைகாட்டிவிட்டார். கேட்ட அன்றே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். "நானே வந்து ரிஸ்டோர் பண்ணித் தந்துர்றேனுங்ணா" என்றுகூடச் சொன்னான். மெஹராஜ்தான் தேவையில்லை என்றுவிட்டாள். இன்று நாலு மணிக்கு எடுத்துப் போக வருவான். அவன் அனுப்பிய டெலிவரி சலான் மேஜையில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கிடந்தது. எல்லாச் சலானையும் போல மேலே சாமி பேர், நடுவில் சரக்கு, கீழே 'திருப்பித் தரவேண்டியது' என்று ரப்பர் ஸ்டாம்பு.

"எடம்னா அந்த எடமில்லீங்க சார்," என்றாள் மெஹராஜ். "டேட்டாபேஸ பேக்கப் எடுத்தா, உள்ள இருக்கற சரக்க மட்டும் எடுத்துக்காது. தான் குடியிருந்த விலாசத்தையும் எழுதிக்கும். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், என்ன ஃபைலு. திருப்பி எறக்கறப்ப அதே விலாசத்துக்குத்தான் போவேன்னு நிக்கும். இந்த மிஷின்ல அந்த விலாசம் இல்லை."

"வேற எடத்துல எறக்க முடியாதா?"

"நல்லா முடியுமுங்க. உன்ற பழைய எடம் போச்சு, இன்னிமேலு இங்க இருந்துக்கன்னு நாம புது விலாசம் குடுக்கோணும். குடுத்தாச் சரீன்னுரும். நம்ம ஆளுகளவிட அது எவ்வளவோ பரவால்லீங்க."

"அப்பக் குடேன்."

"குடுக்கறேன். அதுக்கு முன்னால அது எந்த விலாசத்தக் கேக்குதுன்னு பாத்துர்றேன்."

தட்டினாள். திரையில் இரண்டு வரி வந்தது. மெஹராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, போலீஸ் ஃபைலின் ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினாள். சர்வரை மில்லில் நிறுவிய அன்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அதில் இருந்தது.

"சார், மில்லு சர்வர்ல இந்த டேட்டாபேஸ் இருந்த எடம், டி டிரைவ், பொன்காளின்னு ஒரு ஃபோல்டர். பெரிய முதலாளி ஊட்டுக் கொலதெய்வம் போல. இதுல அப்பிடித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்குது."

"சரி."

"டேப்பு கேக்கற எடம், ஈ டிரைவ், நாட்ராயன். ஃபைலு பேரு கேட் டூ."

சென்னகேசவன் கண்ணைத் திறந்தார்.

"சாமி மாறிப்போச்சுங்க சார்," என்றாள் மெஹராஜ்.

பத்து நிமிஷத்தில் டேப்பில் இருந்ததை வேறு விலாசம் கொடுத்து இறக்கிவிட்டாள். கார்டு நம்பர் நானூற்றுப் பதினேழு, மாசாணம், வெளியே போன நேரம் மூன்று ஐந்து. போலீஸ் வைத்திருந்த அதே கணக்கு, ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லை. ஸ்டூலிலிருந்து பழனியாத்தாள் முதல் முறையாக வாய் திறந்தாள்.

"அவரு வெளிய வந்த நேரம் இருக்குதுங்களா?"

"இல்லீங்கம்மா. அவங்க சொன்னதுதான் இருக்குது."

அவள் தலையாட்டிக்கொண்டாள். தப்பு தன்மேல் என்பது போல அந்தத் தலையாட்டல் இருந்தது. சென்னகேசவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மெஹராஜ், பேக்கப் எடுத்த தேதி என்ன சொல்லுது?"

"ஜூன் நாலு, சாயங்காலம் ஆறு நாலு. மிஷின் பேரும் மில்லு சர்வர் பேருதான். எல்லாம் சரியா இருக்குது, விலாசம் மட்டும் வேற. சார், ஒரு டேப்ப வேற மிஷின்ல, வேற எடத்துல எறக்கி, அங்கிருந்து மறுபடியும் பேக்கப் எடுத்தா என்ன ஆகும் தெரியுங்களா? புது விலாசந்தான் டேப்புல ஏறும்."

"அதாவது?"

"அதாவது எவனோ இத அவனோட மிஷின்ல எறக்கி, நேரத்த மாத்தி, தேதியப் பின்னால தள்ளி வெச்சு, மிஷின் பேரையும் மாத்தி, திருப்பி இதே டேப்புல ஏத்தியிருக்கான். கெட்டிக்காரன். ஆனா குடியிருந்த விலாசத்த மறந்துட்டான்."

"ஏன், அதே டி டிரைவ்ல எறக்கியிருக்கலாமில்ல?"

"நம்மள மாதிரி ஏழை மிஷினுக்கெல்லாம் டி டிரைவுன்னா சி.டி. போடற தட்டுங்க சார். அதுல ஒண்ணும் எழுத முடியாது. அவனுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கோணும். வேற வழியில்லாம ஈ-க்குப் போயிருக்கான். போனவன் சும்மா போகாம, சாமி பேர்ல ஒரு ஃபோல்டரப் போட்டுட்டுத்தான் உள்ள போயிருக்கான். திருட்டு வேலைக்கும் பூசை போடற ஊருங்க நம்முது."

சென்னகேசவன் எழுந்தார். முழங்கால் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடங்கியது.

"பல்லடத்துக்கு பஸ் எத்தன மணிக்கு?"

*

கிருபாசங்கர் வீட்டில்தான் இருந்தான். மில்லின் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ரூமே இல்லாமல் போனதால் வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினம் டேப்பை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. அதனாலேயே சென்னகேசவனின் நோட்டில் முதல் சந்தேகமாக அவன் பேர்தான் இருந்தது.

"உங்க கொலதெய்வம் எதுங்க?" என்று கேட்டாள் மெஹராஜ், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கிருபாசங்கர் திகைத்துப்போய் இவரைப் பார்த்தான். ஐந்து வாரமாகப் போலீஸ் அவனை எத்தனையோ கேட்டிருக்கும், இதைக் கேட்டிருக்காது.

"அங்காளம்மனுங்க. ஏனுங்க?"

"நாட்ராயன் யாருக்கு?"

"எங்க சொந்தத்துல, ஒறம்பறையில யாருக்கும் இல்லீங்களே. வெள்ளகோயில் பக்கம் நெறையப் பேருக்கு இருக்குமுங்க."

மெஹராஜ் ஏமாற்றத்தோடு திண்ணையில் உட்கார்ந்தாள். கோழித் தீவன மூட்டைக்கும் அவளுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் சென்னகேசவனும் உட்கார்ந்தார். நாற்றம் மூக்கைத் துளைத்தது. பரவாயில்லை, உட்கார இடம் கிடைத்ததே.

"கிருபா, அந்த டேப்பு வெள்ளிக்கிழமை ராத்திரி உங்க ஊட்டுல இருந்துச்சு. புதன்கிழமை போலீஸ் கைக்குப் போச்சு. நடுவுல எங்க இருந்துச்சு?"

"பீரோவுலங்க."

"அஞ்சு நாளுமா?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். பண்ணைக்குள் ஒரு கோழி கத்தி நிறுத்தியது.

"மாசாணத்துக்கு நாளைக்கு ஜாமீன் கெடைக்காதுங்க," என்றார் சென்னகேசவன். மிரட்டவில்லை, நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். "அப்பறம் கேஸு நடக்க ரெண்டு மூணு வருசமாகும். அவன் உள்ள இருப்பான். அவன் பொண்டாட்டி இப்ப என்ற ஆபீஸ்ல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருக்குது. காலைல இருந்து தண்ணிகூடக் குடிக்கலை."

கிருபாசங்கர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை சின்ன முதலாளி வந்து வாங்கிட்டுப் போனாருங்க. செவ்வாக்கெழமை திருப்பிக் குடுத்தாரு. பீரோவுலயே இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க. குடோனுக்குள்ள பஞ்சு இருக்கறப்பவே வெல்டிங் வேலை நடந்துச்சுன்னு அல்லாருக்கும் தெரியுமுங்க. செய்யச் சொன்னது அவருதான். ஆனா யாருங்க வாயத் தொறப்பாங்க?"

"டேப்ப யாருகிட்டக் குடுத்தாரு?"

"சத்தியமாத் தெரியாதுங்க. எங்க டிரைவும் சர்வரோட போயிருச்சு. வெளியதான் யாருகிட்டயோ போயிருக்கோணும். கோயமுத்தூர்ல இந்த டேப்பு போடற டிரைவ் வெச்சிருக்கறவங்கள விரல் விட்டு எண்ணிறலாமுங்க."

இதைக் கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று சென்னகேசவன் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே பதில் இருந்தது. சின்ன முதலாளியின் மில்லை நம்பித்தான் அந்த ஊரில் பாதி வீட்டில் உலை கொதிக்கிறது.

*

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

"வெள்ளகோயில் போயி நாட்ராயன் கோயில் வாசல்ல நின்னுட்டு, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க கை தூக்குங்கன்னு சொல்லலாமுங்களா?" என்றாள் மெஹராஜ்.

"தூங்க விடு தாயி."

"நீங்க தூங்கினா நான் யாருகிட்டப் பேசறது? சார், இன்னொண்ணு இடிக்குது. ஃபைலு பேரு கேட் டூன்னு ஏன் வெச்சான்? மில்லுல இருந்தது வெறும் கேட்டுதானுங்க. ரெண்டுன்னு ஒருத்தன் எப்ப எழுதுவான்?"

"ஒண்ணுன்னு ஏற்கெனவே ஒண்ணு இருந்தா."

சொல்லிவிட்டு சென்னகேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைத் தூங்க விடக்கூடாது என்று உலகமே முடிவு செய்திருந்தது.

"நான் பாடம் எடுக்கறப்ப மொத நாள் சொல்றது அதுதானுங்க," என்றாள் மெஹராஜ் மெதுவாக. "இருக்கறது ஒரே காப்பின்னா அதுல கை வெக்காத. ரெண்டு எடத்துல எறக்கு. ஒண்ணத் தொடாம வெச்சுட்டு இன்னொண்ணுல வேலை செய்யி. தொழில் தெரிஞ்சவனா இருந்தா அப்பிடித்தான் செஞ்சிருப்பான்."

"அப்ப மாசாணம் வெளிய போன நெசமான நேரம்..."

"கேட் ஒண்ணுல இருக்கோணும். அவன் இன்னும் அழிக்காம வெச்சிருந்தா."

ஒரு மாதம் கழித்து எவன் வைத்திருப்பான். இருவரும் சிங்காநல்லூர் வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாடிப்படி ஏறும்போது மணி மூன்றே முக்கால். பழனியாத்தாள் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றாள். இவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் உட்கார்ந்தாள். சென்னகேசவன் தன் நாற்காலியில் விழுந்து நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில், ஐந்து வாரத்துக்கு முன் அவர் கையாலேயே எழுதியது: 'மனைவி சொல்வது, இரண்டே காலுக்கு வீட்டில்.' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கீழே கடையில் யாருக்கோ கிரைண்டர் ஓட்டிக் காட்டத் தொடங்கினார்கள். வழக்கம்போல மேஜை அதிர்ந்தது. வழக்கம்போல தண்ணீர் டம்ளர் மெல்ல நகர ஆரம்பித்தது. கீழே விழுவதற்குள் பிடிக்கக் கை நீட்டினார். டம்ளர் நகர்ந்த இடத்தில் சலானின் தலைப்பு தெரிந்தது.

'ஸ்ரீ நாட்ராயசாமி துணை.'

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மெஹராஜ் எட்டிப் பார்த்தாள். அவளுக்குக்கூட நக்கல் வரவில்லை.

"மூணு நாளா இதும் மேலதான் தண்ணி வெச்சுக் குடிச்சுட்டு இருக்கறோம்," என்றாள் கடைசியில்.

*

மோகன்குமார் சொன்னபடி நாலு மணிக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் பழனியாத்தாளைப் பார்த்து யாரென்று தெரியாமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"வேலை முடிஞ்சுதுங்களா அண்ணா? டேப்பு படிச்சுதா?"

"படிச்சுது. உக்காரு கண்ணு."

"எடுத்துட்டுக் கெளம்பறேனுங்ணா. ஆட்டோ கீழ நிக்குது."

"நிக்கட்டும். ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு இங்க இருக்குது. ஒண்ணு எங்க இருக்குது?"

மோகன்குமாருக்குப் புரியவில்லை. மெஹராஜ் மானிட்டரை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் அந்த இரண்டு வரி இருந்தது. அதன் கீழே மேஜைமேல் சலானை, தலைப்புத் தெரிகிற மாதிரி வைத்தாள்.

அவன் படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டான். திருநீறு கையோடு வந்துவிட்டது.

"கார்டு ரீடர் தப்பா எழுதிருச்சுன்னு சொன்னாருங்ணா சின்ன முதலாளி. ஒரே ஒரு ஆளோட நேரத்தச் சரி பண்ணிக் குடுன்னாரு. அவங்க நாலு மில்லுக்கும் நான்தான் கம்ப்யூட்டர் போடறேன். முடியாதுன்னு எப்படீங்ணா சொல்றது?"

"தேதியப் பின்னால தள்ளி வெச்சியே, அதுவும் கார்டு ரீடர் தப்பா?" என்றாள் மெஹராஜ்.

அவன் தலைகுனிந்தான்.

"அப்பவே சந்தேகந்தானுங்க. புதன்கிழமை கைது பண்ணினாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். பாத்த பொறவு..."

"பாத்த பொறவு ஏன் வரலை?"

"பயமுங்ணா."

சென்னகேசவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு போலீஸ் வேலையில் இருந்த இருபது வருஷமும் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறார். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதுதான் அவருக்கு எப்போதும் அலுப்பாக இருக்கும்.

"நாங்க மிஷின் கேட்டப்ப இல்லைன்னு சொல்லியிருக்கலாமே கண்ணு. கோயமுத்தூர்ல வேற எங்க கெடைச்சிருக்கும் எங்களுக்கு?"

"சொல்லியிருக்கலாமுங்ணா," என்றான் மோகன்குமார்.

ஸ்டூலிலிருந்து பழனியாத்தாள் எழுந்து வந்தாள். அவனுக்கு எதிரில் நின்று சத்தம் போடாமல் கேட்டாள்.

"தம்பி, உங்களுக்கு அவரத் தெரியுங்களா?"

இப்போதுதான் இவள் யார் என்று மோகன்குமாருக்குப் புரிந்தது.

"தெரியாதுங்கக்கா. கார்டு நெம்பர்தான் தெரியும்."

"நானூத்திப் பதினேழு," என்றாள் பழனியாத்தாள். "சட்டப் பையிலயேதான் இருக்கும். தொவைக்கறப்ப எடுத்து வெப்பேன்."

கீழே கிரைண்டரை நிறுத்திவிட்டார்கள் போலும். சென்னகேசவன்தான் கேட்டார். கேட்பதற்கே பயமாக இருந்தது.

"ஒண்ணாம் நெம்பர அழிச்சுட்டியா?"

"அழிக்கப் போனேனுங்ணா. பேப்பர்ல பாத்த அன்னிக்கே போனேன். அந்த ஃபோல்டரோட சேத்து அழிச்சுரலாம்னு பட்டனத் தட்டிட்டேன்." அவன் கையைப் பார்த்துக்கொண்டான். "கம்ப்யூட்டர் கேட்டுச்சுங்ணா. நாட்ராயனை நெசமாவே அழிக்கட்டுமான்னு."

மெஹராஜ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கையாலங்ணா ஆமான்னு தட்டறது? எங்கப்பன் அஞ்சு வயசுல அந்தக் கோயில்ல எனக்கு மொட்டையடிச்சாரு. மிஷின ஆஃப் பண்ணித் துணியப் போட்டு மூடிட்டேன். அதுக்கப்பறம் தொறக்கவே இல்லை."

"உள்ள இருக்கற ஃபைல மட்டும் அழிச்சிருக்கலாமே," என்றாள் மெஹராஜ், தன்னை அடக்க முடியாமல்.

"அது தோணலீங்க," என்றான் அவன்.

சென்னகேசவன் போனை எடுத்து வக்கீலின் நம்பரைச் சுழற்றினார்.

*

காந்திபுரம் கடையின் பின்னறையில் வக்கீலும் இன்ஸ்பெக்டரும் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை யாரும் அந்த மிஷினைத் தொடக்கூடாது என்று சென்னகேசவன் அதன் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு இந்த வேலையில் இஷ்டமில்லை என்பது அவர் வந்த வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கண் முன்னால்தான் மோகன்குமார் துணியை எடுத்தான், மிஷினைப் போட்டான், ஈ டிரைவுக்குப் போனான். நாட்ராயன். உள்ளே இரண்டு ஃபைல்.

மெஹராஜ் முதலாவதைத் திறந்தாள். நானூற்றுப் பதினேழு. வெளியே, மத்தியானம் ஒன்று ஐம்பத்திரண்டு.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். வக்கீல் எழுத ஆரம்பித்தார்.

"எந்தக் கோடுங்க?" என்று கேட்டாள் பழனியாத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மெஹராஜ் அவள் விரலைப் பிடித்துத் திரையில் அந்த வரிமேல் வைத்தாள். அவள் விரலை எடுக்கவில்லை.

"இன்னிமேலு இத எங்கீங்க வெப்பீங்க?"

"மூணு எடத்துலம்மா," என்றாள் மெஹராஜ். "கோர்ட்டுல ஒண்ணு, வக்கீல்கிட்ட ஒண்ணு, எங்க ஆபீஸ்ல ஒண்ணு. ஒரு எடத்துல போனாலும் இன்னொரு எடத்துல இருக்கும்."

பழனியாத்தாள் யோசித்தாள்.

"நாலாவதா எனக்கொண்ணு குடுங்க."

மெஹராஜ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். பிரின்டர் ஒரு தடவை கிறீச்சிட்டு அந்த ஒரு வரியை அடித்துத் தள்ளியது. மெஹராஜ் கிழித்துக் கொடுத்தாள். பழனியாத்தாள் அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதத்தானுங்க நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. வெறும் அலுப்பு.

அவள் சொன்ன ஒரே ஒரு நேரத்தை ஒரு மிஷின் சொல்லிக் கேட்பதற்காக முப்பத்தாறு நாள் ஊர் சுற்றியிருக்கிறார் சென்னகேசவன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். அவள் பார்க்கும்படியாகவே அந்தக் கேள்விக்குறியை அடித்தார்.

"அது என்னதுங்க?" என்றாள் பழனியாத்தாள்.

"என்ற தப்புங்கம்மா," என்றார் சென்னகேசவன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க. நான் வந்து ஏத்திவிடறேன்."